விற்பனைக்கு அல்ல

அசல் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தங்கத்தை உரசிப் பார்ப்பவரைச் சொல்லவில்லை. அவருக்கு அது பிழைப்பு. நாம் பார்க்கப்போகிறவர் யாரும் கூப்பிடாமல் வந்து, நீங்கள் ஆசையாக வாங்கிய பொருளைக் கையிலிருந்து பிடுங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, "எங்க வாங்கினே?" என்று கேட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "ஏமாந்துட்டே" என்று தீர்ப்புச் சொல்லி, உங்கள் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போகிறவர். செருப்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி என்று இந்த இனத்தில் கிளைகள் பல. எல்லாவற்றையும்விடக் கொடியது சாஃப்ட்வேர் கிளை.

அந்தக் கிளையின் முடிசூடா மன்னர்தான் நம் அசல் அண்ணன். காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். சாஃப்ட்வேர் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் சிடியாக விற்ற காலத்தில் சேர்க்க ஆரம்பித்தவர், உலகம் சிடியையே மறந்த பிறகும் நிறுத்தவில்லை. படுக்கையறை பீரோவில் அண்ணியின் புடவைகளுக்குக் கீழ்த்தட்டு ஒன்று மட்டும் மிச்சம். மற்ற தட்டுகளில் பெட்டிகள், பெட்டிகள்.

அவர் உலகில் ஜாதி இரண்டு. ஒன்று, கடையில் விற்கும் முழுப் பதிப்பு. மற்றது, கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காகச் சும்மா கொடுத்த பிரதி. முழுப் பதிப்பு என்றால் கனத்த பெட்டி, பின்பக்கம் பார்கோடு, உள்ளே தடித்த கையேடு, மேலே பிளாஸ்டிக் உறை, அந்த உறையின் ஒட்டு நூல் பிடித்தாற்போல நேராக ஓட வேண்டும். விளம்பரப் பிரதி காகித உறையில் வரும். பார்கோடு இருக்காது, இருந்தாலும் குறுக்கே கோடு கிழித்திருப்பார்கள். சிடியின் நெற்றியிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். அண்ணன் இதையெல்லாம் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். கிட்டே வந்தால் முகர்ந்தும் பார்ப்பார். சொல்வது அத்தனையும் உண்மை. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் இரண்டு தடவையில் பிடித்துவிடலாமே!

சரி, அந்த சிடிக்குள் என்ன இருக்கிறது? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பிரித்தால்தானே தெரியும்? பிரித்தால் மதிப்புப் போய்விடுமே! அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்து முக்கி முனகிக்கொண்டிருக்கிறது. வைரஸை விரட்டும் சாஃப்ட்வேரோ உறை கலையாமல் பீரோவில் தூங்குகிறது. "ஒண்ணைப் பிரிச்சாதான் என்னவாம்?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள். ஒரு வாரம் அவளோடு அவர் பேசவில்லை.

நாளடைவில் இந்தப் பார்வை மனிதர்கள் மேலும் பாய்ந்தது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் விளம்பரப் பிரதி. எதிர்வீட்டு டாக்டர் விளம்பரப் பிரதி, பெட்டி மட்டும் பெரிசு. தான் மட்டும் முழுப் பதிப்பு என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன, நடையே சொல்லும்.

இப்படி இருக்கையில் அவர் தங்கைக்கு ஒரு சங்கடம் வந்தது. தங்கை சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறாள். ஒரு பெண்ணின் கல்யாண ஆல்பத்தை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. மறுநாள் காலையில் அவளுக்கு ஆபரேஷன். அதற்குள் ஆல்பத்தை அவள் மடியில் வைத்துவிட வேண்டும் என்று பெண் கண் கலங்கச் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்டுடியோ கம்ப்யூட்டர் மண்டையைப் போட வேண்டும்? அதைச் சரிசெய்து எழுப்பியபோது, ஆல்பம் செய்யும் சாஃப்ட்வேர் அழிந்து போயிருந்தது.

மேஜை இழுப்பறையில் அந்த சாஃப்ட்வேரின் சிடி ஒன்று காகித உறையில் இருந்தது. ஏதோ கண்காட்சியில் கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கொடுத்தது. அலமாரியில் அதுவே பெரிய பெட்டியாகவும் இருந்தது. மூடிப்போன கம்ப்யூட்டர் கடையில் அந்தக் கண்ணாடி அலமாரியை வாங்கியபோது கூடவே வந்தது. தங்கை காகித உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அசல் அண்ணன் உள்ளே நுழைந்தார்.

"ஏய், ஏய், அதைக் கீழே வை! தொடாதே!"

"ஏன்ண்ணா? இத்தனை வருஷமா இதுலதான வேலை ஓடிச்சு."

"ஓடும். ஓடுறதா பெரிசு? விளம்பரத்துக்குக் குடுத்த பிரதி நல்லா ஓடிக்கிட்டே இருந்து, நாளும் கிழமையும் பாத்துக் கவுத்துடும். நெத்தியில என்ன போட்டிருக்கு, படி."

"விற்பனைக்கு அல்ல."

"அப்புறம்? விக்கத் தகுதியில்லன்னு அவனே சொல்றான். இதோ, இங்க பாரு, எப்பேர்ப்பட்ட உருப்படி!" என்று அலமாரிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தினார். சாய்த்தார். பார்கோடு மேல் நகத்தை ஓட்டினார். முகர்ந்தார். "முழுப் பதிப்பு. சந்தேகமே வேண்டாம். இதைப் போய்ப் பிரிக்கணுமான்னுதான் மனசு அடிச்சுக்குது."

தங்கைக்கு அரை மனசுதான். ஆனாலும் அண்ணன் ஆயிற்றே. வீட்டில் எந்தப் பெட்டியைப் பிரிப்பதானாலும் அவர் வாயைப் பார்த்துத்தான் பழக்கம். பெட்டி சிடியைப் போட்டாள். காகித உறை சிடியை அண்ணன் தன் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் லாயக்கு."

படங்களை அடுக்கி ஆல்பம் செய்தபோது திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. அச்சகத்துக்கு அனுப்பி, ஆல்பமாகத் தைத்து வாங்கி, புரட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல், காத்திருந்த பெண்ணின் கையில் சாயங்காலம் கொடுத்தார்கள். பெண் முதல் பக்கத்தைத் திருப்பினாள். மணமகள் நெற்றிக்குக் குறுக்கே, கொட்டை எழுத்தில், 'மாதிரி'. அடுத்த பக்கம், மாப்பிள்ளை நெற்றியில் 'மாதிரி'. அப்பா, அத்தை, தூளியில் தூங்கும் குழந்தை உட்பட ஒரு முகம் தப்பவில்லை. கடைக்காரர்கள் காட்சிக்கு அடுக்கிவைக்கவென்று கம்பெனி அனுப்பிய பெட்டி அது. உள்ளே இருந்தது வேடிக்கை காட்டும் சிடி; திரையில் எல்லாம் செய்யும், அச்சில் முத்திரை குத்திவிடும். பெட்டிக்குள் சிடிக்கு அடியில் பொடி எழுத்தில் அதையும் போட்டிருந்தான். பிரித்தவர்கள் படித்தால்தானே!

பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. அசல் அண்ணன் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஆல்பத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். "எழுத்து என்ன சுத்தமா விழுந்திருக்கு பாரு. இது முதல் வெளியீட்டு மாதிரி. கிடைக்கவே கிடைக்காது." தங்கை அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள்.

வேறு வழியில்லாமல் பெண் அதையே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தங்கை டம்ளரைத் தூக்கி, அடியிலிருந்த சிடியை எடுத்து, காப்பிக் கறையைத் துடைத்துப் போட்டாள். அது ஓடியது. முழுசாக, முத்திரை இல்லாமல், கண்ணாடிபோல. விற்பனைக்கு அல்ல என்றால் விற்கவில்லை, கொடுத்தான் என்று அர்த்தம், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மூக்கு தேவையில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு, புது ஆல்பத்தை வாங்கிப் போகப் பெண் வந்தாள். அசல் அண்ணனும் அங்கேதான் இருந்தார்.

"அன்னிக்கு அம்மா என்ன சொன்னாங்க?" என்று தங்கை பயந்துகொண்டே கேட்டாள்.

"ஒவ்வொரு பக்கமா பாத்தாங்கக்கா. பாத்துட்டு, 'அட, இது மாதிரிக் கல்யாணந்தானா? அப்போ அசல் கல்யாணத்துக்கு நான் எழுந்து வந்துடறேன்'னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனாங்க."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அசல் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "பாத்தியா, அந்தம்மாவுக்குக்கூட வித்தியாசம் தெரியுது." பிறகு பெண்ணிடம் திரும்பினார். "அந்தப் பழைய ஆல்பத்தை எங்கிட்டக் குடுத்துடும்மா. அபூர்வமான உருப்படி, பத்திரமா வச்சுக்கறேன்."

"அம்மா குடுக்க மாட்டாங்க சார். அவங்களுக்கு அதுதான் அசல்."

விவரம் தெரியாத குடும்பம் என்று அசல் அண்ணன் பரிதாபப்பட்டார். புது ஆல்பத்தை எடுத்து, திறக்காமலே, பின்னட்டையை முகர்ந்து பார்த்தார்.

போதும், சிரித்தது போதும். இந்தப் புத்தகம் கையில் கிடைத்ததும் நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள்? பின்பக்கம் திருப்பி பார்கோடு பார்க்கவில்லை? முதல் தாளில் 'அன்பளிப்புப் பிரதி' என்று முத்திரை விழுந்திருக்கிறதா என்று தேடவில்லை? யாரும் கவனிக்காதபோது லேசாக முகர்ந்துகூடப் பார்க்கவில்லை? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தமுறை கண்ணாடி முன் நிற்கும்போது மட்டும் நெற்றியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஏதாவது அச்சாகியிருக்கப் போகிறது.