ஷர்மினி செய்த இரும்புக் காது

ஜெலுத்தோங், பினாங்கு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் குணாளன் அவர்களுக்கு,

இங்கே நானும் பிரமிளாவும் மகள் ஷர்மினியும் சுகம். அங்கே குளுவாங்கில் என் தங்கையும் பிள்ளைகளும் உங்கள் முழங்காலும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் உங்கள் மகனைப் பற்றி ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, ஆகவே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது ஷர்மினி என்ன வேலைதான் பார்க்கிறாள் என்று கேட்டீர்கள். நானும் "ஏதோ இரும்பு சம்பந்தமா" என்று சொல்லி முறுக்குத் தட்டை உங்கள் பக்கம் தள்ளினேன். இப்போது விவரமாகச் சொல்கிறேன். காட்டுக்குள் போகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி சேற்றில் புதைந்தால், இன்னொரு வண்டி கயிறு போட்டு இழுக்கும். அந்தக் கயிற்றை மாட்டுவதற்கு வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு இரும்புக் காது வேண்டும். ரிகவரி பாயின்ட் என்பார்கள். சேறு வண்டியைப் பிடித்துக்கொள்வதால் அதன் எடையைவிடப் பல மடங்கு பாரம் அந்தக் காதில் இறங்கும். காது பிய்ந்துவிட்டால் கயிறு அதையும் தூக்கிக்கொண்டு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். சிம்பாங் அம்பாட்டில் ஐமான் என்பவருடைய பட்டறையில் அந்தக் காதுகளை வரைந்து, செய்வித்து, பிறகு அவற்றை உடைக்கப் பார்ப்பதுதான் என் மகளின் வேலை. உடைக்கப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், மச்சான்.

மழைக்காலத்தில் கெடா மாநிலக் காடுகளில் மாட்டிக்கொள்பவர்களை மீட்கப் போகும் தொண்டர் குழு ஒன்று தங்கள் வண்டிகளுக்கெல்லாம் காது கேட்டிருந்தது. ஷர்மினி செய்த முதல் காதை இரும்புச் சட்டத்தில் பூட்டி ஜாக்கியால் இழுத்தார்கள். உடையவில்லை. ஐமான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். இவள் மட்டும் போல்ட்டுகளைக் கழற்றி, ஓட்டையை அளந்து பார்த்து, அது மயிரிழை நீண்டிருக்கிறது, சோதனைச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிரியாணி ஆறிப்போயிற்றாம்.

அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னாள். நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே ஓய்வு பெற்றவன், எதைக் கண்டும் காணாமல் விடலாம் என்று எனக்குத் தெரியும். மயிரிழைக்காகவா முதலாளியைப் பகைப்பது, போட்டுவிடு என்று புத்தி சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"அப்பா, இன்னிக்கு ஓட்டதான் இழுத்துக்கிச்சு. நாளைக்குக் காட்டுல பிச்சிக்கிட்டுப் பறந்துச்சுன்னா, அங்க நிக்கிறவரும் யாருக்கோ அப்பாதான லா" என்றாள்.

அவள் சொல்வது சரிதான் என்று பட்டது. ஆனாலும் பயம் போகுமா? மறுநாள் அவளுக்குத் தெரியாமல் ஐமானைத் தேடிப் போய், பிள்ளை பிடிவாதக்காரி, வேலையைவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை உட்காரவைத்து ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, எனக்குக் கோவம்தான். ஆனா என் தம்பி சாஹித் அந்த வண்டியிலதான் காட்டுக்குப் போறான். உங்க பொண்ணு கையெழுத்துப் போடாம நான் அவன அனுப்ப மாட்டேன்" என்றார்.

மச்சான், உங்கள் மகன் பட்டம் வாங்கிய அன்று நீங்கள் எப்படி நடந்தீர்களோ, அப்படி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன்.

பிறகு அவள் தகட்டைத் தடிமனாக்கி, பக்கவாட்டிலிருந்து இழுத்தாலும் தாங்குகிற மாதிரி வண்டியின் அடிச்சட்டத்து விலாவில் இன்னொரு போல்ட்டைக் கொடுத்து, புதிதாகச் செய்தாள். பட்டறைச் சட்டத்தில் பூட்டி இழுத்ததில் ஓட்டை நீளவில்லை. கடைசியாகச் சேற்றுப் பரீட்சை. பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் கிடக்கும் பழைய எஸ்டேட் நிலத்தில், அந்தக் காதைப் பூட்டிய ஒரு வண்டியை வயிறு முட்டப் புதைத்திருந்தார்கள். நான் டை கட்டிக்கொண்டு பிரமிளாவுடன் போயிருந்தேன். தொண்டர் குழு முழுவதும் வந்திருந்தது. ஷர்மினி எல்லாரையும் தூரமாக ஒரு லாரிக்குப் பின்னால் போகச் சொன்னாள், என்னையும்தான். அவள் கையை உயர்த்தினால் எஞ்சின்கள் அடங்கின. இறக்கினால் உறுமின. நான் கைகாட்டி நிறுத்திய பஸ்கள்கூட இவ்வளவு பணிவாக நின்றதில்லை. நேராக இழுத்தார்கள், மறுபடி புதைத்துக் கோணலாக இழுத்தார்கள், இரண்டு முறையும் வண்டி வெளியே வந்தது. அவள் சேற்றில் மல்லாந்து அடியில் புகுந்து அளந்துவிட்டு வந்து, வண்டியின் பானெட்டிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிரமிளா அழுதாள். கேட்டதற்குக் கண்ணில் சேறு பட்டதாகச் சொன்னாள்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தக் கூடாது என்று ஷர்மினி சொன்ன இடத்தில் என் மைவி காரை நிறுத்தியிருந்தேன், அது புதைந்துகொண்டிருந்தது. எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் இஞ்சினியரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே முன் பம்பரில் கயிற்றைக் கட்டி, சாஹித்தை இழுக்கச் சொன்னேன். அவர் பார்க்காமல் இழுத்தார். பம்பர் அவரோடு போய்விட்டது, காடி என்னோடு நின்றுவிட்டது. ஷர்மினி ஓடி வந்து எனக்கு அடிபடவில்லை என்று உறுதிசெய்துகொண்டாள். பிறகு தொண்டர்களை அழைத்து, கயிற்றை எங்கே கட்டக் கூடாது என்பதற்கு என் காடியைக் காட்டியே பாடம் நடத்தினாள். அவர்கள் படம் எடுத்தார்கள். நான் டையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றேன். மகள் நடத்தும் வகுப்பில் பாடமாக நிற்கிற பாக்கியம் எத்தனை அப்பாக்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும், மாட்டினாலும் பதறாமல் இழுத்துவிட ஆள் கிடைக்கவும் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறோம். தங்கைக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
புவனேஸ்வரன்

பி.கு.: இதனுடன், அன்று பட்டறைக்குத் திரும்பியதும் எடுத்த படம் ஒன்றை வைத்திருக்கிறேன். நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பது ஷர்மினி செய்த காது அல்லவாம், பட்டறை வாசல் கேட்டின் கீல் என்று இப்போதுதான் சொல்கிறாள். விவரமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். படத்தை ஏற்கெனவே சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பியாயிற்று, திருப்பி வாங்க முடியாது. கேட்பவர்களிடம், கையில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் சேறு பூசி நிற்கிற பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.