மாப்பிள்ளைக்கு அளவெடுத்த சைக்கிள்

எனக்கு அளவு தப்பாது என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சந்துக்குள் இருந்த தையற்கடையில் ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை, ஆண்களின் கால்சட்டை என்று எல்லாம் தைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அளவுநாடாவில் இருக்கிற எண்கள் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்தத் திமிர் இருக்கிறதே, அது ஒரு தீபாவளிக் காலையில், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பத்துப் பேர் பார்க்க இறங்கியது. நானே சொல்லிவிடுவது நல்லது.

மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் முடிந்து வந்த தலை தீபாவளி அது. அவள் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணத்தைத் தனி ஆளாக நின்று முடித்திருந்தேன். சம்பந்தி வீடு தோ பாயோவில். மகளும் மாப்பிள்ளையும் அவர்களோடுதான். தங்கள் மூத்த மகனுக்குத் தலை தீபாவளியின்போது அவன் மாமியார் வீட்டில் மோதிரமும் கைக்கடிகாரமும் போட்டார்கள் என்று சம்பந்தியம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். (அவருக்குத்தான் அது பேச்சுவாக்கு. எனக்கு மூன்று நாள் காதுக்குள்ளேயே ஓடியது.) தகப்பன் இல்லாத வீட்டுச் சீர் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் உதட்டைப் பிதுக்கிவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று மகளிடம் ஃபோனில் கேட்டேன். தினேஷ் மோதிரமெல்லாம் போட மாட்டாராம். பள்ளிக்கூட நாளிலிருந்து பிஎம்எக்ஸ் சைக்கிள் ஓட்டுகிறவராம். படிக்கட்டிலிருந்து அதோடு குதிப்பது, கைப்பிடிக் கம்பியில் வழுக்கிக்கொண்டு இறங்குவது, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவது, இதுதான் பொழுதுபோக்காம். முப்பத்திரண்டு வயதில் அந்தக் குட்டிச் சைக்கிளில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது அதே மாதிரி சைக்கிள் பெரிய சக்கரத்தோடு வருகிறதாம். அதன்மேல் ஆசையாம்.

“ஆனா நீ போயி வாங்கிடாதம்மா. அதுல சைஸ் நிறைய இருக்கு. அவரே பாத்து வாங்கிக்குவாரு.”

மாப்பிள்ளை தன் சீரைத் தானே வாங்கிக்கொள்வதா? சரிம்மா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். சைஸ் நிறைய இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்கிறாள் பாருங்கள்.

அடுத்த வாரம் முறுக்கு அச்சு இரவல் வாங்குகிற சாக்கில் தோ பாயோவுக்குப் போனேன். என் நேரம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மா ஓடிப்போய் மூங்கில் கழியோடு துணிகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் கலக்க அடுப்படிக்குப் போனார். நான் மடித்து வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். உதவி செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. கழியில் ஒரு பழுப்பு நிறப் பேன்ட் தொங்கியது. என் கைப்பையில் அளவுநாடா எப்போதும் இருக்கும். (சில பேர் பையில் விபூதிப் பொட்டலம் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.) இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் நாற்பத்திரண்டு அங்குலம். உள்கால் முப்பத்துமூன்று. நல்ல நீளம்.

மாப்பிள்ளையைப் பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரியாது. அது எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேன்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, கூன் போட்டுக் கைத்தொலைபேசியைப் பார்க்கிறவர்கள், உயரமெல்லாம் அதில் மடங்கிக் கிடக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கண் சொன்னதை விட்டுவிட்டு நாடா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

நான் நாடாவைக் காலிடுக்குத் தையலில் வைத்துக் குனிந்திருந்தபோது சம்பந்தியம்மா தேநீரோடு வந்து நின்றார். கீழ்மடிப்புப் பிரிந்திருக்கிறது, நான் தைத்துத் தருகிறேன் என்றேன். பிரிந்திருக்கவில்லை. சொன்ன பொய்க்காக அந்தப் பேன்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், நன்றாக இருந்த தையலைப் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்தனுப்பினேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு முழங்காலிலும் பழைய தழும்பு. எனக்குச் சந்தை மலாய் நன்றாக வரும், அதனால் பேச்சுக்குக் குறையில்லை. ஆள் எவ்வளவு உயரம், சைக்கிளில் என்ன செய்வார் என்று இரண்டே கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு என் நாடாக் கணக்கைச் சொன்னேன். இரண்டாவதற்கு, குதிப்பார் என்றேன்.

வரிசையாக நிறுத்திக் காட்டினார். இருபது அங்குலச் சக்கரம்தான் வழக்கமானது. இருபத்திரண்டு, வளர்ந்த ஆளுக்கு. முதுகுக்கும் கொஞ்சம் சுகம், படிக்கட்டு, கம்பி, சுற்றல் எல்லாம் அதில் செய்யலாம். இருபத்துநான்கு இன்னும் நிதானமாக ஓடும், ஆனால் சுற்றுவதற்குக் கொஞ்சம் மெதுவு. இருபத்தாறும் இருபத்தொன்பதும் உயரமான ஆள்கள் சாலையில் நீளமாகப் போகவும், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டவும் நல்லவை. அதைத் தூக்கிக் குதிக்க வலு வேண்டும். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சைக்கிளிலும் சீட்டு பாதித் தொடைக்கு மேலே வரவில்லை. முப்பத்துமூன்று உள்கால் உள்ள ஆள் இதில் எப்படி உட்காருவான்?

“இதுல உக்கார மாட்டாங்க மக்சிக். நின்னுக்கிட்டே ஓட்டுவாங்க” என்றார் மலாயில். (மக்சிக் என்றால் நாம் அத்தை என்கிற மாதிரி.)

உட்காராத சீட்டுக்கு எதற்கு மெத்தை என்று கேட்டேன். சீட்டை விடுங்கள், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடுகிற கம்பியின் நீளம்தான் முக்கியம் என்று மறுபடி ஆரம்பித்தார். நான் எத்தனை வருஷமாக அளவெடுக்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். அதோடு அவர் ஓய்ந்தார்.

இருபத்தொன்பது அங்குலத்தை எடுத்தேன். சீட்டை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கச் சொன்னேன். அப்புறம் பார்த்தால் சைக்கிள் மொட்டையாக இருந்தது. மட்கார்டு இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை. சீரை மொட்டையாகவா அனுப்புவது? எல்லாம் மாட்டச் சொன்னேன். பின்சக்கரத்து அச்சில் இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கேரியரில் உட்காரும்போது என் மகளின் சேலை அதில் மாட்டும், கழற்றுங்கள் என்றேன். அதை வைத்துத்தான் கம்பியில் வழுக்குவார்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் கழற்றினார். வேலை முடிந்ததும் சைக்கிளை வாசலில் நிறுத்தித் தன் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்து நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

தீபாவளியன்று காலையிலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் மகளும் மாப்பிள்ளையும், பின்னால் சம்பந்தியம்மா, அவருக்குப் பின்னால் சம்பந்தி. வாசலில் நான் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் சம்பந்தியின் நெற்றியில் இடித்தது. கூடத்தில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரத்தோடு சைக்கிள் நின்றது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“நல்லா... பெருசா இருக்கு அத்தை” என்றார் மாப்பிள்ளை. தங்கமான பிள்ளை.

மின்தூக்கிக்குள் அது படுக்கவில்லை. குதிரை மாதிரிப் பின்காலில் நிறுத்திக் கீழே இறக்கினோம். இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தபோது அவர் கட்டைவிரல் மட்டும் தரையைத் தேடியது. பழம் நசுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். சம்பந்தியம்மா முகத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்கு ஒரு தவிப்பு.

“சும்மா ஓட்டுனா எப்படி மாப்பிள்ளை? தாவுவீங்களாமே, ஒரு தாவு தாவிக் காட்டுங்க” என்றேன்.

தலை தீபாவளி மாமியாரின் பேச்சை அவர் எப்படித் தட்டுவார்? ஒரு மிதி மிதித்தார், ஹேண்டில்பாரை இழுத்தார். முன்சக்கரம் கொஞ்சம் எழும்பியது. தூக்கி வைத்திருந்த சீட்டு அவர் பின்னால் முட்டித் தள்ளியது, கேரியர் கீழே இழுத்தது, ஸ்டாண்டு தானாக இறங்கித் தூணில் மாட்டியது. காலை ஊன்றப் பார்த்தார், தரை எட்டவில்லை. சைக்கிள் மெதுவாக, மிக மெதுவாக, வாழை மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்து, பக்கத்துக் கல்மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு சீனப் பெரியவர்களின் ஆட்டத்தின்மேல் விழுந்தது. காய்கள் கீழ்த்தளம் முழுக்க உருண்டன. மாப்பிள்ளையின் புது ஜிப்பா பையிலிருந்து கீழே வரைக்கும் கிழிந்தது. முழங்கையில் சிராய்ப்பு. ஒரு பெரியவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து தைலத்தை எடுத்து மாப்பிள்ளைக்குத் தடவினார்.

தர்ஷினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சைஸை யார் சொன்னது என்று சம்பந்தி மெதுவாகத்தான் கேட்டார். நான் பணிந்திருக்க வேண்டும். எங்கே பணிந்தேன்?

“யாரும் சொல்லல சம்பந்தி. நானே நாடா வச்சு எடுத்தேன். உள்கால் முப்பத்திமூணு. அரை இஞ்சு தப்பாது. அந்தப் பழுப்பு பேன்ட்ல எடுத்தது” என்றேன், புளோக்குக்கே கேட்கிற மாதிரி.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“பழுப்பு பேன்ட்டு இவரோடதுல்ல?”

அப்போதுதான் அந்தப் பேன்ட் என் கண்முன் வந்தது. முன்பக்கம் இரண்டு மடிப்பு. எந்தப் பிள்ளை இப்போது மடிப்பு வைத்த பேன்ட் போடுகிறான்? அறுபத்தேழு வயதில், ஊரறிய, சம்பந்தியின் காலிடுக்கை அளந்தவளாகி நின்றேன். தரை பிளக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வீடமைப்புக் கழகம் போட்ட கான்கிரீட் தரை, அது எங்கே பிளக்கும்.

முதலில் சிரித்தவர் சம்பந்தியம்மாதான். கல் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். மாப்பிள்ளை முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, மட்கார்டை நேராக்கி, ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் அச்சு வைத்த மாதிரிப் பதிந்தன. மணியை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனவர் அரை மணி நேரம் வரவில்லை. வந்தபோது ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலங்கள் ஆடின, கேரியரில் ஓர் அன்னாசிப்பழம். சைக்கிள் அன்றைக்கு அவரோடு தோ பாயோவுக்குப் போய்விட்டது.

சீரைக் கெடுத்துவிட்டேனே என்று நான் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்தேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

“மூத்தவன் அந்த மோதிரத்த ரெண்டு தடவ தொலைச்சிட்டான் சம்பந்தி. இதை யாராலும் தொலைக்க முடியாது லா” என்றார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையோடு அதே கடைக்குப் போனேன். மலாய்க்காரர் அவரைக் கையை நீட்டி நிற்கவைத்து, தோளையும் கையையும் பார்த்து, கம்பியின் நீளத்தைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தச் சைக்கிளைப் பேன்ட் அளவுக்கு வாங்கக் கூடாது, சட்டை அளவுக்கு வாங்க வேண்டும். இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காதா? இருபத்திரண்டு அங்குலம், மொட்டையாகவே வாங்கினோம். இரும்புக் குழாய்களோடு.

சம்பந்தி இன்றைக்கும் அதில்தான் சந்தைக்குப் போகிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, எனக்கு இந்த வருஷம் என்ன சீர் என்று கேட்கிறார். மாமியார் வீட்டுச் சீர் வாங்கிய மாப்பிள்ளையின் அப்பா இந்தச் சிங்கப்பூரிலேயே அவர் ஒருவர்தான் என்று தர்ஷினி சொல்லிக்காட்டாத விசேஷம் கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில், புதிதாக அறிமுகமான ஓர் அம்மாவிடம் சம்பந்தியம்மா என்னைக் காட்டி, “எங்க வீட்டுக்காரருக்குத் திருட்டுத்தனமா அளவெடுத்தாங்கன்னு சொன்னேன்ல, அவங்கதான் இவங்க” என்றார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிள் வாங்குவதற்காகத்தான் எடுத்தேன் என்று நான் நிதானமாக விளக்கினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரை எழுப்பி, இரண்டு நாற்காலி தள்ளி உட்காரவைத்தார்.