பக்க எண் வரும்வரை பொறுக்கவும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய சாதனை அல்ல. கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, வெளியான சஞ்சிகை, பக்க எண் ஆகியவற்றை யாரும் குறித்து வைக்காமல் போனதுதான் சரித்திரத்தின் முதல் பெரும் பொறுப்பின்மை. அப்படி ஒரு தவறு திண்டுக்கல் வட்டாரத்தில் மறுபடி நிகழாமல் காத்தவன் நான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் பயிர் நோய் ஆராய்ச்சி உதவியாளன். எங்கள் 'ஆராய்ச்சி நிலையம்' என்பது ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு தண்ணீர்ப் பானை, நான். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வேர் அழுகல் நோய் வந்தது. எனக்கு நல்ல காலம் பிறந்தது.

மருந்து புதிதல்ல. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து வேரில் ஊற்ற வேண்டும். இரண்டும் கடைவீதியில் கிடைக்கும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எந்தக் காலத்திலோ எழுதி வைத்ததுதான். ஆத்தூர் நோயும் அதற்குக் கட்டுப்படும் என்பதைத் தொட்டிச் செடிகளில் நிரூபித்து, கட்டுரையாக்கி லண்டன் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. 'ஆய்வு சரி. மேற்கோள் பட்டியல் எங்கள் முறைப்படி இல்லை.'

படித்ததும் எனக்குப் புல்லரித்தது. லண்டனில் ஒரு துரை உட்கார்ந்து என் காற்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். என்னை அவ்வளவு உன்னிப்பாக அதுவரை யாரும் பார்த்ததில்லை, கட்டிய மனைவி உட்பட.

நாகல் நகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த ஜெகபர் அலியிடம் ஓடினேன்.

"பாய், சஞ்சிகைப் பேரெல்லாம் சாய்வெழுத்துல இருக்கணுமாம்."

"மெஷின்ல சாய்வெழுத்து ஏது சார்? வேணும்னா மெஷினைச் சாய்ச்சு வச்சு அடிக்கிறேன்."

"அடிக்கோடு போட்டாப் போதுமாம். அதைப் பார்த்துச் சாய்வுன்னு புரிஞ்சுக்குவாங்களாம்."

"அப்பச் சரி. சாயாமயே சாஞ்சதா வச்சுக்கிடுவோம். கவர்மெண்டு வேலைதான!"

அடித்து அனுப்பினோம். ஆண்டு வரிக் கடைசியில் வரக் கூடாது, பெயரை அடுத்து வர வேண்டும் என்று திரும்பியது. மாற்றினோம். ஆண்டுக்குப் பிறை அடைப்பு வேண்டும் என்று திரும்பியது. ஜெகபர் அலி மெஷினில் இடது அடைப்பு உண்டு, வலது அடைப்பு உடைந்துபோயிருந்தது. வலதை அவர் பேனாவால் போட்டார். முதலில் சலித்துக்கொண்டவர், போகப் போக என்னைவிடத் தீவிரமாகிவிட்டார். டீக்கடைப் பலகையில் முற்றுப்புள்ளி இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதாகவும் கேள்வி.

கடைசியாக ஒரே ஒரு குறை மிஞ்சியது. வெள்ளைக்கார அதிகாரியின் அறிக்கையில் மருந்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் குறிக்கவில்லை. வலது பக்கம், அடியில், ஒரு காப்பிக் கறைக்குப் பக்கத்தில் என்பது ஞாபகம் இருந்தது. கறையை லண்டன் ஏற்காது. அறிக்கை இருந்த கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரி நூலகத்துக்கு எழுதினேன். 'அறிக்கை பைண்டிங்கில் இருக்கிறது' என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி சண்முகவள்ளியின் அண்ணன் உடையப்பன். ஆத்தூரில் குத்தகைக்குக் கொடிக்கால் போட்டிருந்தார். சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவருவார். அந்த வருஷம் கூடவே அழுகின வேரும் கொண்டுவந்தார். வரவரக் கவுளி இளைத்தது, வேர் மூட்டை பெருத்தது.

"மாப்ள, கீழ்க்காடு பூராம் போயிருச்சு. மருந்து எதுவும் இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"சொல்லுங்க."

"எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரியலை."

"கெழக்கயா மேக்கயா? திசையைச் சொல்லுங்க, நான் போயி வாங்கியாறேன்."

"புஸ்தகத்துல பக்கம் மச்சான். அது இல்லாமச் சொன்னா ஆதாரமில்லாத பேச்சாப் போயிரும்."

"நீங்க சொன்னா அது ஆதாரந்தான மாப்ள?"

"நான் சொன்னா அது 'தனிப்பட்ட தகவல்'. அதுக்கு மதிப்புக் கம்மி."

மச்சான் பயபக்தியோடு தலையாட்டினார். அடுப்படியிலிருந்து சண்முகவள்ளி கேட்டாள்: "எங்கண்ணன் காதுல மட்டும் சொன்னா லண்டன்காரனுக்குக் கேட்டுருமாக்கும்?"

பிரசுரமாகும் முன் ஆய்வு முடிவை வெளியிடுவது நெறியல்ல என்று அவளுக்கு விளக்கினேன். அவள் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

கன்னிவாடி உரக்கடைக்காரர் ஒருவர் இதற்குள் 'ஏதோ ஒரு மருந்து' விற்க ஆரம்பித்திருந்தார். மேற்கோள் ஒன்றுகூட இல்லாத மருந்து. அக்கம்பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் வெட்கமில்லாமல் வாங்கி ஊற்றினார்கள். மச்சானையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "வீட்டு மாப்ள இம்புட்டுப் படிச்சவரா இருக்கையில வெளியாள்கிட்ட மருந்து வாங்குனா அவருக்கு மரியாதையா இருக்குமா?" என்று மறுத்துவிட்டாராம். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மரியாதையைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்தேன். கொடி படர நட்ட அகத்தி மரங்கள் நின்றன. அவற்றில் கொடி இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு வரிசை பச்சையாக இருந்தது.

"இந்த ஒண்ணு பிழைச்சாக்கூட வெதைக்கொடிக்கு ஆகும் மாப்ள," என்றார் மச்சான். என் முகத்தையே பார்த்தார்.

'துத்தம்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. லண்டன் துரையும் கூடவே ஞாபகத்துக்கு வந்தார்.

"செத்த பொறுங்க மச்சான். பைண்டிங் முடியட்டும்."

நெஞ்சில் ஏதோ அடைத்தது. வாயு என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கும் ஆதாரம் கிடையாது.

பைண்டிங் முடிந்தது. பக்க எண் வந்தது: நாற்பத்தேழு. ஜெகபர் அலி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டுரை ஏற்கப்பட்டது. இவ்வளவு சுத்தமான மேற்கோள் பட்டியலைக் கீழ்த்திசையிலிருந்து எதிர்பார்க்கவில்லை என்று துரை கைப்பட எழுதியிருந்தார். நோய் பரவிய விதம் பற்றி நான் குறித்திருந்த 'உடையப்பன், தனிப்பட்ட தகவல்' என்பதற்கு மட்டும் தொழிலும் முகவரியும் கேட்டிருந்தார்.

அதற்குள் மச்சான் குத்தகையை விட்டுவிட்டு, டவுனில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். துல்லியம் கருதி, 'முன்னாள் கொடிக்கால் விவசாயி. மேற்படி ஆய்வாளரின் வீட்டு முன்னறை' என்று நிரப்பி அனுப்பினேன்.

அச்சான கட்டுரை வந்த அன்று, சாப்பாடு முடிந்து நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் தோல் ஷாப் வாடை இன்னும் போகவில்லை. வழவழப்பான அந்தத் தாளை அவர் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இப்பவாச்சும் சொல்லலாமா மாப்ள? என்ன மருந்து?"

இப்போது தடையில்லை. கம்பீரமாகச் சொன்னேன்: "துத்தமும் சுண்ணாம்பும். பக்கம் நாற்பத்தேழு."

மச்சான் பக்கத்தில் கிடந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"இம்புட்டுத்தானா மாப்ள?" என்றார். கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சண்முகவள்ளி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தட்டில் பாக்கு மட்டும் இருந்தது. அவள் குனிந்து என் கட்டுரையை எடுத்தாள், காம்பு கிள்ளுவதுபோல ஒரு மூலையைக் கிள்ளி எறிந்தாள், பாக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கண்ணன் கொடிக்கால்ல இந்த வருஷம் வெளைஞ்சது இது ஒண்ணுதான். சுண்ணாம்பு தடவி மடிச்சுப் போடுங்க."