இருபத்திமூன்று இழை அக்கா

திண்டுக்கல்லில் மின்சாரத்தையே பயப்பட வைத்த ஒரே மனுஷி எங்கள் இருபத்திமூணு அக்காதான். மற்ற ஊர்களில் ஜனங்கள் கரண்டைக் கண்டு பயந்தார்கள். எங்கள் நாகல் நகரில், அக்கா தெருவில் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கரண்டே வயருக்குள் ஓடியது. மதுரைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களிடம் என்னென்னவோ இருந்தது. இருபத்திமூணு அக்கா இல்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை. இந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு நானும் ஒரு சாட்சி என்பதால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

ஐம்பதுகளின் கடைசி. மெயின் ரோட்டில் ஓர் எலக்ட்ரிக் சாமான் கடையில் நான் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலாளி செல்லையா, கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கவும் தூங்கியபடியே வியாபாரம் பேசவும் தெரிந்தவர். ஒரு நாள் காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து, "ஃபேனுக்கு வயர் வேணும் தம்பி. மூணு கெஜம். இருபத்திமூணு இழை போட்டது" என்றார்.

அளந்து வெட்டிக் கொடுத்தேன். அந்தக் காலத்து வயர் இப்போது மாதிரி வழவழவென்று இருக்காது. செம்பு இழைகளைச் சேர்த்து ரப்பர் போர்த்தி, அதற்கு மேல் நூல் பின்னி, அப்படி இரண்டை ஒன்றாக முறுக்கி, சடை மாதிரி இருக்கும். வாங்கியவர் போகவில்லை. அங்கேயே நின்று நுனியில் நூலைப் பிரித்தார். ரப்பரை நகத்தால் கீறினார். உள்ளே இருந்த செம்பு இழைகளை விசிறி மாதிரி விரித்து, உதடு அசைய எண்ண ஆரம்பித்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"செத்த இருங்க தம்பி. எண்ணிக்கை விட்டுப்போயிரும்."

எண்ணி முடித்து நிமிர்ந்தார். "இருபத்திரெண்டுதான் இருக்கு."

முதலாளி கண்ணைத் திறந்தார். "ஒரு இழை கொறைஞ்சா என்னம்மா இப்ப? தலையில தெனமும் எம்புட்டு முடி கொட்டுது. எண்ணிக்கிட்டா இருக்கோம்?"

அக்கா முதலாளியின் வழுக்கைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எண்ணியிருக்கலாம்" என்றார்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சுருளையே தூக்கி மடியில் வைத்து, நுனி நுனியாகப் பிரித்து அவரே எண்ணினார். ஒரு முனையில் இருபத்திரெண்டு. இன்னொன்றில் இருபத்தொண்ணு. பக்கத்துச் சுருளில் இருபது. எங்கேயும் இருபத்திமூன்று இல்லை. தூக்கத்தைத் தவிர வேறு எந்தக் குற்றமும் செய்யாத மனுஷர் அவர். மறுநாள் காலையில் அம்புட்டுச் சுருளையும் மதுரை பஸ்ஸில் ஏற்றி, வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கடை வாசலில் ஒரு பலகையும் தொங்கியது: 'இங்கு வயரை எண்ணிப் பார்த்து வாங்கலாம்.'

திண்டுக்கல்லில் வேறெந்தக் கடையிலும் இல்லாத பலகை அது. அந்தப் பெருமைக்கு நாங்கள் பட்டபாடும் கொஞ்சமில்லை. வந்தவர்களெல்லாம் எண்ணத் தொடங்கினார்கள். பின்னால் ஒரு முறை தொப்பம்பட்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், கிணற்று மேட்டில் விளக்குப் போட வயர் வாங்கி, அரை மணி நேரம் எண்ணிவிட்டு முகம் வாடிப்போய் என்னிடம் வந்தார். "ஏனுங்க, இருபத்திநாலு இருக்குதுங்க. ஒண்ணை நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

அக்காவுக்கு இந்த இழைப் பைத்தியம் பிடித்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். அவர் அங்கே ஆபரேட்டர். பெரிய பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வால் மாதிரி தொங்கும் வயர்களை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றி மாற்றிச் செருகி, பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரரை மதுரை வாழைப்பழ மண்டியோடு பேச வைப்பார். ஒரு வயர் ஒரு நாளைக்கு நூறு தடவை வளையும். வளைய வளைய உள்ளே என்ன ஆகும் என்று ஊரிலேயே அவருக்குத்தான் தெரியும்.

"ஒத்தைக் கம்பின்னா பத்துத் தடவை வளைச்சா ஒடிஞ்சிரும் தம்பி. அதுக்குத்தான் முடி முடியா இழை போடுறது. ஃபேனு, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, தொங்குற லைட்டு, எதெல்லாம் அசையுமோ அதுக்கெல்லாம் இழை வயருதான். ஆனா அதுவும் உள்ளுக்குள்ள ஒண்ணொண்ணா அறும். வெளிய தெரியாது. மிச்சம் இருக்கிற இழை அம்புட்டுக் கரண்டையும் தாங்கிச் சூடாகும். நூலு கருகும். அப்புறம் தீதான்."

இதை அவர் ஒரே மூச்சில் சொல்வார். நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

சொன்னதோடு நின்றிருந்தால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டிருக்கும். அவர் கைப்பையில் சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, ஒரு குறடு, மூன்றும் இருக்கும். எந்த வீட்டிலாவது, கடையிலாவது கருகிய வயர் கண்ணில் பட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். அடுத்து, குறட்டை எடுத்து வயரை இரண்டு துண்டாக வெட்டிவிடுவார். "சொல்லிட்டுப் போனா ஒட்டுப்போட்டு ஓட்டுவீங்க. வெட்டிட்டாத்தான் மாத்துவீங்க" என்பது அவர் சித்தாந்தம். மறுநாளே புது வயரோடு வந்து அவரே மாட்டியும் கொடுப்பார். ஆனால் அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதில்தான் வம்பு.

சலூனில் நாற்காலிக்கு மேல் தொங்கிய விளக்கின் வயரை ஒரு நாள் வெட்டிவிட்டார். நாற்காலியில் இருந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. இருட்டில் அடுத்த கன்னத்தில் கத்தி வைக்க முடியாது என்று சலூன்காரர் மறுத்துவிட்டார். குமாஸ்தா அன்று முழுக்க வலது பக்கத்தை மட்டும் ஜனங்களுக்குக் காட்டி அரசாங்க வேலை பார்த்தார். இன்னொரு நாள் அக்கா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டவர், "சாமி, என் பாவத்தை அப்புறம் சொல்றேன். முதல்ல உங்க ஃபேனை அணைங்க, வாடை வருது" என்றாராம். சாமியார் அணைத்தார். அக்கா வெட்டினார். பிறகு, வெட்டியதையும் பாவக் கணக்கில் சேர்த்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

எல்லாம் புகையிலை மண்டிக்காரர் விஷயத்தில் முற்றியது.

மண்டிக்காரர் நாகல் நகரில் பெரிய புள்ளி. அவர் செருமினால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், மண்டியில் புகையிலைப் பொதிகளுக்கு நடுவே பாயைப் போட்டு, தலைமாட்டில் மேசை ஃபேனை ஓட விட்டுத் தூங்கினார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா வாசல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஃபேன் தலையாட்டும் இடத்தில் வயரின் நூல் கருகியிருந்தது. வேர்த்து விறுவிறுத்து மண்டிக்காரர் விழித்தபோது ஃபேன் நின்றிருந்தது, வயர் இரண்டாகக் கிடந்தது, அவர் நெஞ்சின் மேல் ஒரு துண்டுச் சீட்டு: 'நாளை புது வயருடன் வருகிறேன்.'

வரவில்லை. வர முடியவில்லை. அந்த வாரம்தானே எங்கள் முதலாளி சரக்கையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார். சரியான எண்ணிக்கையில் புதுச் சுருள் வர பன்னிரண்டு நாள் ஆனது. வேறு கடை வயரை மாட்ட அக்கா ஒப்பவில்லை. மண்டிக்காரர் பத்து நாளும் பனையோலை விசிறியோடு கடைக்கு வந்து, "வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதினோராவது நாள் சாயங்காலம் கேட்கவில்லை. ஒரு காகிதத்தை மேசை மேல் வைத்தார்.

மதுரையில் இருந்த டெலிபோன் இலாகா பெரிய அதிகாரிக்கு மனு. இந்தப் பெண்மணியைத் தூரத்து ஊருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு. சலூன்காரர், குமாஸ்தா, டீக்கடைக்காரர் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"போடு அப்பு" என்றார் மண்டிக்காரர்.

நான் போட்டேன். மிரட்டவில்லை, அடிக்கவில்லை. போடு என்றார், போட்டேன். அம்புட்டுத்தான் என் வீரம்.

மனுவை அனுப்பியதோடு அவர் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் கண்டனக் கூட்டம் போட்டார். மேடை, மைக், மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய், எல்லாம் இருந்தது. ஒரு தனி மனுஷியை எதிர்த்துக் கண்டனக் கூட்டம் நடந்தது எங்கள் ஊரில்தான் இருக்கும். அக்காவும் வந்தார். பூசைக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மண்டிக்காரர் ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தார். "பெரியோர்களே, தாய்மார்களே. ஒரு பெண்மணி கையில் குறட்டோடு நம் வீடுகளுக்குள்..." என்று தொடங்கியதும் குழாய் கொர் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. கூட்டம் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நான் இல்லை" என்றார்.

மைக்செட்காரர் மைக்கை ஊதினார், தட்டினார், உலுக்கினார். பிரயோசனமில்லை. மண்டிக்காரர் வெறுந்தொண்டையில் பேசிப் பார்த்தார். பின்னாலிருந்து "கேக்கலை" என்றார்கள். அப்போது ஒரு குரல், "அட, அக்காவைப் பாக்கச் சொல்லுங்கப்பா" என்றது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாதான்.

மண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். ஆறு பக்கத்தையும் பார்த்தார். "இந்தாம்மா, செத்த என்னன்னு பாருங்க" என்றார்.

அக்கா மேடையேறினார். "நீங்க நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்கண்ணே."

"என்னத்தைப் பேச?"

"எழுதி வச்சிருக்கதையே வாசிங்க."

செத்துப்போன மைக்கின் முன்னால் அவர் கண்டனத்தை வாசிக்க, அக்கா குத்தவைத்து உட்கார்ந்து மைக் வயரைச் சாண் சாணாக வளைத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் வளைத்ததும் குழாய் உயிர் பெற்று, "அடங்காத பெண்" என்று ரயில்வே ஸ்டேஷன் வரை அலறிவிட்டு அடங்கியது. மறுபடி அதே இடத்தை வளைத்தார். "வயரை வெட்டுகிற" என்றது. கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நாலு விரற்கடை வெட்டி எறிந்தார். இழைகளைப் பிரித்தார், முறுக்கினார், மைக்செட்காரர் நீட்டிய நாடாவைச் சுற்றினார். மைக்செட்காரரிடம், "இது ஒட்டு. இன்னைக்கு மட்டும்தான். நாளைக்குப் புதுசு போட்டிருங்க" என்றார்.

பிறகு, "இப்பப் பேசுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கி, தன் இடத்தில் போய் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தன்னைப் பற்றிய கண்டனத்தைக் கேட்கத் தயாரானார்.

மண்டிக்காரர் காகிதத்தை மடித்தார்.

"அன்னைக்கு மண்டி நெறையப் பொதி கிடந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். மைக் அதைத் துல்லியமாகச் சொன்னது. "அம்புட்டும் காஞ்ச பொதி. நான் நடுவுல படுத்திருந்தேன். அந்த வயரை நேத்துப் பிரிச்சுப் பாத்தேன். நாலே நாலு இழைதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். "கூட்டம் முடிஞ்சது. டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஆனால் மனு போய்விட்டதே. அடுத்த வாரமே உத்தரவு வந்தது. அக்காவைக் கடலோரத்தில் ஏதோ ஓர் ஊருக்குத் தூக்கியிருந்தார்கள். அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்தார். செய்தி மண்டிக்கு எட்டியதும் மண்டிக்காரர் புது மனு எழுதிக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். எங்கள் கடைக்கு வந்தபோது அவர் கேட்பதற்கு முன்னால் நான் பேனாவை எடுத்துவிட்டேன். என் முதலாளி விழித்தபடியே கையெழுத்துப் போட்டார். முதல் மனுவில் ஒரு பக்கம் நிறையவில்லை; இதில் காகிதம் போதாமல் பின்பக்கமும் ஓடியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போன மண்டிக்காரரிடம் அதிகாரி கேட்டிருக்கிறார்: "போன வாரம் இவங்க வேண்டாம்னு எழுதினீங்க. இப்ப வேணும்னு எழுதுறீங்க. எதைய்யா நம்ப?"

"ரெண்டும் உண்மைதாங்க. வேண்டாம்னது எங்க சௌகரியத்துக்கு. வேணும்னது நாங்க உசிரோட இருக்கிறதுக்கு" என்றாராம் மண்டிக்காரர். அதிகாரி சிரித்துவிட்டு உத்தரவை ரத்து செய்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய மண்டிக்காரர், தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர் மாதிரி தெருவில் நடந்து வந்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு இருந்த திமிர் வேறெந்த நாளும் இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். "ஆபீஸ்ல ரெண்டு மனுவையும் காட்டுனாங்க தம்பி" என்றார். "முதல் மனுவுல உங்க கையெழுத்து கோணலா இருந்துச்சு. ரெண்டாவதுல நல்லா இருந்துச்சு." அம்புட்டுத்தான். மூன்று கெஜம் வயர் கேட்டு, வாங்கி, எண்ணத் தொடங்கிவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

அறுபதுகளில் கடைக்கு டெலிபோன் வந்தது. எடுத்தால் அக்காவின் குரல், "நம்பர்?" என்று கேட்கும். யாரிடமும் பேச வேண்டியிராத நாட்களிலும், முதலாளி தூங்கும் மத்தியானங்களில், நான் ஒரு தடவை எடுப்பேன். "நம்பர்?" என்பார். நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். கூப்பிடுவது எந்தக் கடை என்று பலகையே அவருக்குக் காட்டிவிடும். பிறகு, "சாப்பிடலையா தம்பி? போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்.

நான் போய்ச் சாப்பிடுவேன்.