ஒன்பதாயிரம் அடிகள் பற்றி அப்பா எழுதுவது

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் எனக்குப் பாப்பாவாகவே இருக்கிற அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. மாப்பிள்ளைக்கு என் மரியாதையும் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்களும் முதலில் போய்ச் சேரட்டும். இங்கு எல்லோரும் நலம் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதுவது முறை. இப்போதைக்கு அந்த வரிக்கு இடம் மட்டும் விட்டுவைக்கிறேன். முடிக்கும்போது மனசு ஒப்பினால் எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன்.

இங்கு எல்லோரும் நலம்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மெசேஜ் அனுப்பலாமென்றால், எனக்கு எழுத்துக்கூட்டி அடித்துத் தருவதே அவள்தான். அதனால் நம் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் தையல்கடையில், துணி வெட்டுகிற மேசையின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். தையல்காரர் அடிக்கடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். கத்தரிக்கோலைத் தேடுகிறாராம். கத்தரிக்கோல் அவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய வாட்ச்சைக் கட்டிய மூன்றாம் நாள், பூங்காவில் நிழலான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து, இடது கையை மட்டும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தேன். நடந்தால் கை வீசுகிறது, கை வீசினால் வாட்ச்சில் அடி ஏறுகிறது, அப்படியென்றால் நடுவில் கால் எதற்கு என்பது என் ஆராய்ச்சி. நானூற்றுப் பன்னிரண்டு வரை ஏறிவிட்டது. எதிர்ப்பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், நான்தான் அவரைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு புல்தரை முழுக்கச் சுற்றி வந்து, "சொல்லுங்க தம்பி, என்ன வேணும்?" என்றார். "மணி என்னங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "கையில கட்டியிருக்கிறது என்ன தம்பி, தாயத்தா?" என்றார். பிறகு வந்த தூரம் முழுவதையும் திரும்ப நடந்தார். பாவம், அன்றைக்கு நான் நடக்க வேண்டியதை அவர் நடந்தார்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்று நீ கேட்கலாம். அந்த வாட்ச் மீது எனக்கு முதல் நாளே சந்தேகம், பாப்பா. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் கரன்ட் மீட்டர் பார்த்தவன் நான். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன். ஒரு விளக்கு ஒரு ஃபேன்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே மோட்டார் ஓட்டுகிற வீட்டை வாசல் செருப்பை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு மீட்டரை மாட்டி, அதை நீ அங்கிருந்தே படிக்கிறாய் என்றால் எப்படி இருக்கும்? அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தால் எழுந்திரு என்று அது உறுமுகிறது. ஒருநாள் சாயங்காலம் பேக்கரியில் இரண்டே இரண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, நீ போனில், "அப்பா, நாலரைலேருந்து அஞ்சு வரைக்கும் ஒரே இடத்துல நின்னிருக்கீங்களே, எங்க?" என்றாய். நண்பரைப் பார்த்தேன் என்றேன். "நண்பர் மீசையில கிரீம் தடவி விடுவாரா?" என்றாள் உன் அம்மா. நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பேப்பர்காரனும் சும்மா இருக்கிறானா? இந்த மாதிரி வாட்ச் கட்டுகிறவர்களின் தூக்கம், நாடி எல்லாம் எங்கோ போய்ச் சேர்ந்து, அதைப் பார்த்து மருந்து விற்கிறார்கள் என்று ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தான். காபி இதயத்துக்கு நல்லது என்று போன மாதம் போட்டவனும் அவனே. இந்த மாதம் கெடுதல் என்கிறான். நடுவில் நான் குடித்துத் தீர்த்த காபியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று அவன் எழுதவில்லை. கிழித்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது காட்டுகிறேன்.

கடைசியில் வழி சொன்னவள் உன் அம்மாதான். பூங்காவில் நடந்ததை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், "இங்க குடுங்க அதை. நான் எப்படியும் விடிஞ்சதுலேருந்து அலைஞ்சுகிட்டுதான இருக்கேன். அது உங்க பேர்ல ஏறட்டும்" என்று கையை நீட்டினாள். அன்றிலிருந்து காலை காபி முடிந்ததும் வாட்ச் அவள் கைக்குப் போகும். சாயங்காலம் நீ கூப்பிடுகிற நேரத்துக்கு என் கைக்கு வந்துவிடும். முதல் நாளே நீ, "அப்பா! ஒன்பதாயிரத்து இருநூறு அடி! நம்பவே முடியல!" என்று கத்தினாய். எனக்கும் நம்ப முடியவில்லை. மூன்றே அறை உள்ள வீடு, பாப்பா. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினான்கு அடி, நானே அளந்து பார்த்தேன். அதற்குள் ஒருத்தி ஒன்பதாயிரம் அடி நடக்கிறாள் என்றால், நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்! ஆனால் நீ என்னைப் பாராட்டினாய். நானும், "ஏதோ முடிஞ்ச வரைக்கும்மா" என்று அடக்கமாகப் பதில் சொன்னேன். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இப்படிப் பதினெட்டு நாள் என் புகழ் பரவிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நாள் நீ கூப்பிட்டபோது உன் குரலே சரியில்லை. "அப்பா, பயப்படாதீங்க. நாலு நாளா காலைல பதினோரு மணி வாக்கில உங்க இதயத்துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு காட்டுது. திடீர்னு ஓடுது, திடீர்னு விட்டுவிட்டு அடிக்குது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்றாய். நான் பயப்படவில்லை. போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசினேன், அது வேறு. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த இரண்டு கேக்கும் இருந்தன. எனக்கா, உடனே நெஞ்சில் ஏதோ ஊர்வது போலிருந்தது. எதையும் சந்தேகப்படுகிறவன், அதை மட்டும் உடனே நம்பிவிட்டேன்.

மறுநாள் வாட்ச்சை வழக்கம்போல அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசுதான், நிதானமான பெண். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பட்டை பட்டையாகக் காகிதம் எடுத்து, இரண்டு தடவை பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு இவ்வளவு ஒழுங்கான துடிப்பு பாக்கறதே அபூர்வம் சார். தினமும் ஒன்பதாயிரம் அடி நடக்கறீங்கன்னு உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க. அதையே விடாம செய்ங்க" என்றாள். எனக்கு உடனே அந்தக் காகிதம் மீது சந்தேகம். வேறு யாருடையதோ மாறிவிட்டதா என்று கேட்டேன். "இப்ப உங்க நெஞ்சிலேருந்துதான சார் எடுத்தேன்" என்றாள். பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருந்தாள் உன் அம்மா. பக்கத்தில் ஒரு பை. அதில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஒரு சோப்பும், அவ்வளவுதான். ஒரு கை சுவரில், இன்னொரு கை நெஞ்சுக்குக் கீழே. என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, "படி எத்தனைன்னு எண்ணிக்கிட்டே வந்தேன், விட்டுப்போச்சு. அதான் உக்காந்து யோசிக்கிறேன்" என்றாள். நெற்றி வேர்த்திருந்தது. அவள் மணிக்கட்டில் உன் வாட்ச் பதினொன்று ஐந்து காட்டியது.

நம் ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. கடைத்தெருவில் ஒரே சுவரில் இரண்டு மீட்டர், ஒன்று சலூனுக்கு, மற்றது மாவு மில்லுக்கு. அவசரத்தில் மில் மீட்டரைப் படித்து சலூன் அட்டையில் எழுதிவிட்டேன். ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும் வைத்திருந்த மனிதன் மாவு மில் அளவுக்குக் கரன்ட் எரித்ததாக ஆகிவிட்டது. போதாதற்கு, திருட்டு மோட்டார் ஓட்டுகிறான் என்று நானே புகாரும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அவர் கடைக்கே ஷேவ் செய்யப் போய் உட்கார்ந்தேன். மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் வழித்துவிட்டுத் துண்டை உதறி, "மிச்சத்தை மில்லுல போய் எடுத்துக்குங்க சார், ரெண்டும் ஒண்ணுதான உங்களுக்கு" என்றார். அரை மீசையோடு வீடு வந்து சேர்ந்தேன். மீட்டர் என்ன காட்டுகிறது என்பதற்கு முன்னால் அது யாருடையது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் மறக்கவில்லை. வீட்டுக்குள் மறந்துவிட்டேன்.

ஆமாம் பாப்பா, உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பதினோரு மணிக்கு விட்டுவிட்டு அடித்தது என் இதயம் இல்லை.

பையை நான் வாங்கிக்கொண்டு மேலே கூட்டிப்போனேன். ஏதோ மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்ப டாக்டரம்மாவிடம் ஓடினேன், நிஜமாகவே ஓடினேன், ஒரு வாட்ச்சும் எண்ணவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "சின்ன விஷயமாவும் இருக்கலாம், பெரிசாவும் இருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றாள். உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. எனக்கு என்ன கேடு என்பாள், ஜுரத்தோடு நின்று துணி உலர்த்துவாள். அதனால் அவளிடம், "வியாழக்கிழமை எனக்கு இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீயும் வா. துணைக்கு வர்றவங்களுக்கும் சேத்தே எடுத்துருவாங்களாம்" என்றேன். "அதென்ன, துணைக்கு வர்றவங்களுக்கெல்லாம் டெஸ்ட்டு?" "புது வழக்கம்." "பேப்பர்ல போட்டிருக்கானா?" "ஏழாம் பக்கத்துல." பேப்பரை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "சரி, வரேன்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஆகவே உன்னிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். போனில் வழக்கம்போல என்னையே திட்டு. என் இதயம், என் கேக், என் சோம்பேறித்தனம், எதை வேண்டுமானாலும் சொல், தாராளமாக. அவள் காதில் எதுவும் விழ வேண்டாம். முக்கியமாக, நீ கிளம்பி வராதே. திடீரென்று நீ வாசலில் வந்து நின்றால் அவள் இரண்டையும் இரண்டையும் கூட்டி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒழுங்கான துடிப்போடு நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்பதே இந்தச் சந்தேகப் பிராணியின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதே. கிளம்பி வா. நேற்று இந்தக் கடிதத்தைப் பேப்பருக்குள் மடித்து வைத்துவிட்டு, இன்று காலை ஸ்டாம்ப் வாங்கப் போனேன். திரும்பி வந்து உறையில் போடுமுன் ஒரு தடவை படித்தேன். முதல் பக்கத்தில் விட்டுவைத்த இடத்தில், "இங்கு எல்லோரும் நலம்" என்று உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரு வரி இருக்கிறது பார், அது நான் எழுதியது இல்லை. உன் அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வாட்ச்சைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்காக நான் நடந்தேன். எனக்காக நீங்க டாக்டர்கிட்ட போனீங்க. சரிக்குச் சரி. இதுக்குப் போய் எட்டுப் பக்கம் எழுதுவாங்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினாள். நான், "காபில சர்க்கரை கம்மியா?" என்று கேட்டேன். சொல்ல வந்தது அது இல்லை. அதைக் கழட்டிக் குடு, நீ கொஞ்சம் உக்காரு, இனிமே நான் நடக்கிறேன் என்பதுதான்.