ராடைப் புடிச்சுட்டு நில்லு மாப்ள

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பைக்கு இருந்துச்சாம். அதுக்கு லைட்டு இல்லையாம், ஆரன் இல்லையாம், பின்னாடி உக்கார எடமும் இல்லையாம். நீங்க 'ம்' கொட்டுனாத்தான் மேல சொல்லுவேன்.

கொட்டியாச்சா? சரி.

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மாமாகூட திருச்செங்கோட்டு லேத் பட்டறைக்குப் போகணும். அந்த பைக்கோட கிராங்க்கைக் கோத்துக் கொண்டாரணும். அவ்வளவுதான்.

பைக்கு மாமாவோடது. மேடு பள்ளத்துல தாவி ஓட்டுற பழைய மோட்டோகிராஸ் வண்டி, நான் பொறக்கறதுக்கு முந்தின மாடல். மூணு வருசமா சங்ககிரியில அவர் வீட்டு முன் ரூம்ல ஒரு மரப்பெட்டி மேல உக்காந்திருக்கு. அந்த ரூம்ல தையல் மிஷின் போடணும்னு அத்தையும் மூணு வருசமா சொல்றாங்க.

வெள்ளிக்கிழமை காலைல தோசையைத் திருப்பிப் போட்டுட்டே அத்தை சொன்னாங்க. சத்தம்கூட போடலை.

"ஏனுங்க, நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள அந்த வண்டி ஸ்டார்ட் ஆகோணும். ஆகலீன்னா திங்கக்கெழம இரும்புக்கடைக்காரரு வாரேன்னு சொல்லியிருக்கறாருங்க."

மாமா பாதி தோசையோட எந்திரிச்சுட்டார்.

கிராங்க் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள்ள ரெண்டு இரும்புச் சக்கரம். ரெண்டையும் சேத்துப் புடிக்க நடுவுல ஒரு பின்னு. அந்தப் பின்னுல மாட்டியிருக்கற கைதான் கனெக்டிங் ராடு. மேல கீழ போற பிஸ்டன் சக்கரத்தைச் சுத்த வைக்கறதே இந்தக் கையாலதான். அது இல்லீன்னா எஞ்சினே இல்லை. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. நான் வெச்சுக்கலை.

ராடு, பின்னு, பேரிங்கு எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து சேர நாலு மாசம் ஆச்சு. பின்னைச் சக்கரத்துக்குள்ள இறுக்கமா ஏத்தணும். கழட்டிக் கழட்டி ஏத்துனா ஓட்டை லூசாயிரும். அப்புறம் அத்தை கூப்பிட வேண்டாம், நாமளே இரும்புக்கடைக்குக் கொண்டு போகலாம்.

லேத் பட்டறை சின்னுசாமி அண்ணனோடது. அங்க போர்வெல் ரிக் லாரி வேலைதான் நடக்கும். பின்னை அழுத்தி ஏத்தற அவரோட பிரஸ் மிஷின் ஆள் உயரம். அதுக்கு முன்னாடி எங்க கிராங்க் உளுந்து வடை மாதிரி இருந்துச்சு.

"இதென்னங்க, கொழந்தைங்க ஓட்டுறதுங்களா?"ன்னார் அண்ணன்.

மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்த ராடைப் புடிச்சுட்டு நில்லு. கேக்கறப்ப குடு. போதும்."

நின்னேன்.

"புதுச் சாமானுங்களா தம்பி? சாமிக்கு வெச்சு எடுத்துருங்க. இங்க எதையும் அப்படியே மாட்டறதில்ல"ன்னார் சின்னுசாமி அண்ணன். பின்னும் பேரிங்கும் எண்ணெய்ல கெடந்துச்சு. அதனால ராடை மட்டும் கொண்டு போய் முருகன் படத்துக்குக் கீழ வெச்சேன். திருநீறு, குங்குமம், மேல ஒரு செவ்வந்திப் பூ. நல்ல லட்சணமா இருந்துச்சு. கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் தொறக்கறதுக்குள்ள பின்னாடி சண்டை.

"சக்கரம் ஒரு முடி அந்தப் பக்கம் போகணும்" இது மாமா, கையில போன், போன்ல யாரோ வெள்ளைக்காரரோட வீடியோ.

"ரிக்குக்கே நானு கண்ணளவுல வெக்கறவனுங்க. போனை உள்ள வெய்ங்க."

"வீடியோல அப்படித்தான் இருக்கு!"

"அப்ப வீடியோவையே ஏத்தச் சொல்லுங்க! சக்கரத்தச் சூடு பண்ணியாச்சு, ஆறிப்போனா ஏறாதுங்க! தம்பி, ஓடியா, பம்ப் அடி!"

என்னை! என் பேச்சே பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்காது. என்னைப் போய் ஒருத்தர் அவசரமாக் கூப்பிடறார்! ஓடினேன். பிரஸ்ஸோட கைப்பிடியைப் புடிச்சு அடிச்சேன்.

"இன்னும்... இன்னும்... ஒரு முடி... போதும், போதும்!"

வெர்னியர் வெச்சு மொத்த அகலத்தை அளந்தாங்க. கணக்கா இருந்துச்சு. அடுத்து டயல் கேஜ். சக்கரம் கோணலா ஓடுனா அதோட முள்ளு ஆடும். சாதாரணமா சுத்தியல்ல தட்டித் தட்டியே பாதி நாள் போயிருமாம்.

மாமா மெதுவாச் சுத்தி விட்டார். முள்ளு ஆடவே இல்லை.

"பாத்தியா மாப்ள! முள்ளு தூங்குது!" மாமா கண்ணுல தண்ணி.

"என்ற சர்வீஸ்ல முதத் தட்டுக்கு முன்னாடியே இப்படி அமைஞ்சதில்லீங்க" சின்னுசாமி அண்ணன் தன் கையையே ஒரு தடவை பாத்துக்கிட்டார்.

நான் மட்டும் மெல்லக் கேட்டேன். "உள்ளுக்குள்ள ஏதோ கிலுகிலுன்னு..."

"புதுப் பேரிங்கு. அது அப்படித்தான் பேசும்"ன்னார் சின்னுசாமி அண்ணன்.

நான் கேட்டதுக்கு ஒருத்தர் பதில் சொல்லிட்டார். அந்த சந்தோசத்துல மேல கேக்கத் தோணலை. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டேன். 'கிராங்க் ரெடி.' எங்க குடும்பத்துல மூணு மெக்கானிக்கல் இஞ்சினியருங்க இருக்காங்க. மூணு பேரும் கைதட்டற எமோஜி அனுப்பினாங்க. என்னையும் சேத்தா இஞ்சினியருங்க நாலு.

மத்தியானம் அத்தை பஸ் புடிச்சு, வயர்க்கூடைல சோறு எடுத்துட்டு வந்தாங்க. செருப்பைக் கழட்டி விட்டுட்டு நேரா முருகன் படத்துக்குத்தான் போனாங்க. கும்பிட்டாங்க. குனிஞ்சாங்க.

"ஏனுங்க, இது வண்டிக்குள்ளார போறதுங்களா, இல்ல முருகனுக்குக் காணிக்கைங்களா?"

சின்னுசாமி அண்ணன் கிராங்க்கைத் தூக்கி ஆட்டினார், கிலுகிலுன்னுச்சு.

மாமா கிராங்க்கைப் பாத்தார். ராடைப் பாத்தார். கடைசியா என்னைப் பாத்தார்.

"மாப்ள, உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"ராடைப் புடிச்சுட்டு நில்லுன்னீங்க மாமா."

"அப்புறம்?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா..."

சின்னுசாமி அண்ணன் பெருமூச்சு விட்டார். "உள்ள ராடே இல்லைங்க. முள்ளு ஏன் தூங்குச்சுன்னு இப்பத் தெரியுதுங்க."

திரும்ப பிரஸ். இந்தத் தடவை பின்னை வெளிய தள்ளணும். கீறல் விழுந்தா எல்லாம் முடிஞ்சுது. என்னைப் பம்ப் பக்கமே விடலை. 'டங்'குன்னு ஒரு சத்தம். மாமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்.

அண்ணன் பின்னைத் தொடைச்சு, வெளிச்சத்துல புடிச்சு, மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்தார்.

"தப்பிச்சுதுங்க. இன்னொரு தடவை தாங்கும். ஆனா இன்னைக்கு ஆகாது, ரிக் லாரிக்காரரு காத்துட்டு நிக்கறாரு. செவ்வாக்கெழம வாங்க."

செவ்வாய்! இரும்புக்கடைக்காரர் திங்கள்!

மாமாவும் நானும் அத்தையைப் பாத்தோம். அத்தை ரசத்தை ஊத்திட்டு நிதானமாச் சொன்னாங்க.

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். காலைல இருந்து ஊட்டுல ஒரு சத்தமில்லீங்க. நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்தேன். செவ்வாக்கெழமயும் போங்க. மெதுவாவே பண்ணுங்க."

சாப்பாடு முடிஞ்சதும் மறுபடி முருகன் படத்துக்கிட்டப் போனாங்க. ராடை எடுத்து, முந்தானைல தொடைச்சு, கைக்குட்டைல சுத்தி, கூடைக்குள்ள சோத்துத் தூக்குப்போசி பக்கத்துல வெச்சுட்டு என்னைப் பாத்துச் சொன்னாங்க.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் சாமி. மாட்டறப்ப போன் பண்ணுங்க, கொண்டாறேன்."

திரும்பிப் பாக்காம பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்துட்டாங்க.

எனக்கு இருந்த ஒரே வேலையும் போச்சு.