வாலை வெட்டாதவர்

"இன்னும் எவ்வளவும்மா இருக்கு?"

"தெரியலக்கா. இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு."

ஐந்தாம் மாடியில், லிஃப்ட் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெக்கானிக் தன் கைபேசித் திரையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே சக்கர நாற்காலியில், காலில் மாவுக்கட்டும் மடியில் மணப்பெண்ணின் ரவிக்கையுமாகத் தையல்காரம்மா. ஆறரைக்கு ரயில். விடிந்தால் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். லிஃப்ட் கதவோ மூடப் போய், நாலு விரல் மிச்சம் வைத்துத் திறந்துகொண்டது. மோட்டார், வயர், மேலே இருக்கும் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று மணிக்கு அவள் லிஃப்ட் மெக்கானிக்குகளின் மின்னஞ்சல் குழுவில் கேட்டாள். புது மடல் தொடங்கச் சோம்பி, ஏதோ ஒரு பழைய மடலுக்குப் பதில் போடுவதுபோல் கேட்டாள். பதிலும் வந்துவிட்டது. யாரிடமிருந்து என்பதுதான் சிக்கல்.

வாசகரே, பதிலோடு ஒட்டிவரும் பழைய மடல்களின் வாலை வெட்டாதவர் என்று ஓர் இனம் உண்டு. அவர் பதிலைத் திறந்தால் முதலில் உங்கள் மடல் வரும், அதற்கு முந்தைய மடல் வரும், அந்த மடல் எதற்குப் பதிலோ அது வரும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்புக்குறிகள் எறும்புபோல் ஊர்ந்து வரும், நடுவே போன வருடம் ஓய்வு பெற்றவருக்கு வாழ்த்து, தொலைந்துபோன ஒரு ஸ்பேனர், 'இம்மடல் உங்களுக்கு மட்டுமே' என்ற ரகசிய எச்சரிக்கை பதினொரு முறை. அவர் சொல்ல வந்தது? இருக்கிறது. அடியில். ஒரே வரி.

திமிர் என்று நினைக்காதீர்கள். மரியாதை. "ஒருத்தர் எழுதினதை வெட்ட நான் யாரு?" என்பார். இத்தனைக்கும் குழுவின் விதிகளை எழுதியவரே அவர்தான்: வேண்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுக, பதிலை அதன் கீழே எழுதுக. இரண்டாவதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்.

"நான் கேட்டதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்காருக்கா."

"முழுசாப் பாரும்மா. பெரிய மனுஷன் சும்மாவா அனுப்புவாரு?"

ஐந்து நாற்பது. ஓய்வு பெற்றவரைக் கடந்தாள். ஐந்து நாற்பத்து மூன்று. ஸ்பேனர் கிடைத்துவிட்டதாம்.

"வந்துடுச்சுக்கா. 'கதவு ஓடுற தடத்துல ஏதாவது கிடக்கும், குனிஞ்சு பாரு தங்கச்சி.'"

குனிந்தாள். தடத்தின் மூலையில் ஒரு பொத்தான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து நீட்டினாள். தையல்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுதுதான்," என்றார்.

கதவு மூடியது. ரயில் கிடைத்தது.

நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் நீங்கள் கடைசியாக அனுப்பிய மடலைத் திறந்து, அடிவரை ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு மெக்கானிக் குழுவுக்கு எழுதினாள்: 'நன்றி அண்ணா.' விதிப்படி, எல்லாவற்றுக்கும் கீழே. பன்னிரண்டு பேர் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று மூடினார்கள். பதின்மூன்றாவது ஆள், 'தயவுசெய்து வாலை வெட்டுங்கள்' என்று பதில் போட்டார். அதுவும் அடியில் இருந்தது.